செட்டக்காவின் நெற்றித் தழும்பு

பூரணத்தக்கா இறந்த செய்தி எனக்குச் செய்தியாக வரவில்லை. ஒரு விசாரிப்பாக வந்தது. காலையில் கடையைத் திறந்து, கொழும்பிலிருந்து இறங்கிய கிளச் தட்டுப் பெட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தேன். பதாகை அடிக்கிற சுதன் போனில் கோல் எடுத்தார்.

"ஹாஜியார், செட்டக்காட படம் ஒண்டு உங்களிட்ட இருக்கா? வீட்டில தேடிப் பாத்தாச்சு. அடையாள அட்டைப் படம்தான் கிடக்கு. அதுவும் அழிஞ்சுபோய்க் கிடக்கு."

"என்னத்துக்கு மனே படம்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் விளங்கியது. பதாகைக்காரன் ஒரு வயதுபோன ஆளின் படத்தை வேறென்னத்துக்குக் கேட்கப் போகிறான்.

"விடியச் சாமம் போயிட்டாவாம். உங்களுக்கு ஒத்தரும் சொல்லல்லையா?"

ஒருவரும் சொல்லவில்லை. பெட்டி உடைத்த கத்தியை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன். பிறகு என்னுடைய போனைத் தேடிப் பார்த்தேன். ஒரே ஒரு படம் இருந்தது. என் கடை மேசையில் குனிந்து, வெளிச்சம் கண்ணில் குத்தாமல் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, எதையோ உற்றுப் பார்க்கிற அக்கா. அவருக்குத் தெரியாமல் எடுத்தது. தெரிந்திருந்தால் போனைப் பறித்திருப்பார். அதை அனுப்பினேன்.

மதியத்துக்குள் பதாகை சந்திக்கு வந்துவிட்டது. அக்கா ஒருநாளும் உடுத்தியிராத பச்சைப் பட்டுச் சேலை. கடையில் வைத்த மெழுகுப் பழம்போல மினுங்குகிற முகம். "கையை எடுத்துப்போட்டு நெத்தியைப் போட்டிருக்கன் ஹாஜியார், வடிவா வந்திருக்கு" என்றார் சுதன். வடிவாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நெற்றியில் தழும்பு இல்லை. சொன்னேன். "செத்த வீட்டில தழும்பு எதுக்கு ஹாஜியார்?" என்றார். அவர் தொழிலில் அவர் சொல்வது சரி. ஒருவரும் செத்தவரைத் தழும்போடு தரச்சொல்லிக் காசு கொடுப்பதில்லை.

இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கனடாவிலிருந்து அக்காவின் தங்கை மகன் ரவி கேட்டபோது, "நல்லதா நாலு வரி" என்றுதான் கேட்டார். நான் உதிரிப்பாகம் விற்கிறவன். நல்லதா நாலு வரி எழுத இந்த மலரில் வேறு ஆக்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ரவிக்குச் சில இடங்களில் கசக்கும். வெட்டாமல் போடுவதாக வாக்குத் தந்திருக்கிறார்.

உங்களில் பலர் அக்காவிடம் பெற்றோல் அடித்தவர்கள். காக்கி நிறத் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பம்புக்கும் மேசைக்கும் இடையில் நடக்கிற அந்தப் பெண்ணைச் செட்டக்கா என்றுதான் உங்களுக்குத் தெரியும். அவருடைய அப்பா தொடங்கிய பெற்றோல் செட். அப்பாவுக்குப் பிறகு அண்ணன், அண்ணனுக்குப் பிறகு அவர்; அண்ணன் இருந்த காலத்திலும் கணக்கு வழக்கு அவர் கையில்தான். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "செட்டை விட்டுப்போட்டு வாறதெண்டா எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரரும் கேக்கல்ல. செட்டோட வாறதெண்டுதான் கேட்டாங்க" என்பார்.

நான் அங்கே போனபோது எனக்கென்று இருந்தது ஒரு டயர் ஒட்டுகிற இயந்திரம் மட்டும்தான். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, காற்றடிக்கிற பம்புக்குப் பக்கத்தில் ஒரு மூலை தருவீர்களா என்று கேட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாடகை எவ்வளவு தருவாய்?"

"முதல் மாசம் ஒண்டும் தரேலாது."

"அப்ப ரெண்டாம் மாசம்?"

"தெரியா."

"சரி, நில்லு" என்றார். பல காலத்துக்குப் பிறகு, ஏன் அன்று தந்தீர்கள் என்று கேட்டேன். "தெரியா எண்டு சொன்னாய்தானே, அதுக்குத்தான். வேற ஒருத்தன் வந்து ரெண்டாம் மாசம் ரெட்டிப்பாத் தாறன் எண்டான். அவனை அனுப்பிப்போட்டன்."

அவரிடம் ஒரு தகரப் பலகை இருந்தது. ஒயில் டின் ஒன்றை வெட்டி விரித்து, சிவப்புப் பெயின்றில் 'பெற்றோல் இல்லை' என்று தன் கையாலேயே எழுதியது. சண்டைக் காலத்தில் எண்ணெய் கொண்டுவருகிற பௌசர் வராத நாட்களில் மற்றச் செட்டுக்காரர் எல்லாம் சனத்திடம் 'நாளைக்கு வரும்' என்று சொல்லி அனுப்புவார்கள். வாடிக்கை கைவிட்டுப் போகாமல் இருக்கச் செய்கிற தந்திரம் அது. நானும் வியாபாரி, எனக்கு விளங்கும். அக்கா மட்டும் பலகையைக் கொண்டுவந்து வாசலில் மாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். ஒருநாள் நான் கேட்டேன், "அக்கா, நாளைக்கு வரும் எண்டு சொன்னா என்ன, சனம் ஒரு நம்பிக்கையோட போகுமே."

"போகும். மறுகா நாளைக்கும் வரும். நாளண்டைக்கும் வரும். இல்லை எண்டா இல்லை எண்டு சொல்லிரணும் ஹனீபா. அப்பதான் சனம் வேற வழி பாக்கும். இருக்குதெண்டு சொல்லுறவன்தான் ஆக்களைக் கொல்லுறான்."

சும்மா இருக்கிற நேரத்தில் அக்கா கதைக்கிற கதை ஒன்றே ஒன்றுதான். அண்ணனுடைய கார் ரேஸ்.

அண்ணன் பெயர் குணரெத்தினம். குணம் என்று கூப்பிடுவார்கள். அக்காவுக்குப் பதினேழு, பதினெட்டு வயது இருக்கும்போது, வெள்ளைக்காரத் துரைமார் சிலரும் கொழும்புக்காரர் சிலரும் சேர்ந்து கல்லடிக் கடற்கரையில் கார் ரேஸ் வைத்தார்களாம். மணல் இறுகிக் கிடக்கிற காலம், கடல் வற்றி நிற்கிற நேரமாகப் பார்த்து. இந்தப் பக்கம் இரண்டு வெறும் பீப்பாய், அந்தப் பக்கம் இரண்டு வெறும் பீப்பாய். அதைச் சுற்றிக் கிறுகி வரவேண்டும். பீப்பாய்கள் இவர்களுடைய செட்டிலிருந்து போனவை. பீப்பாய் கொடுத்தவன் கார் விடக்கூடாதா என்று குணம் அண்ணனும் பெயர் கொடுத்துவிட்டார். அப்பாவின் பழைய காரின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று, அப்பா பழுகாமத்துக்கு வயல் பார்க்கப் போயிருந்த நாளில், கூரையை அறுத்து எறிந்துவிட்டார்.

"நம்பர் எழுதினது நான்" என்பார் அக்கா. "அஞ்சு. அவன் கெதியா கெதியா எண்டு பின்னால நிண்டு கத்தினதில அஞ்சுக்கு வயிறு தள்ளிப் போச்சு. புள்ளத்தாச்சி அஞ்சு எண்டு எல்லாரும் சிரிச்சாங்க."

வாவிக்கு அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் தோணியில் வந்து பார்த்ததாம். சித்தாண்டியிலிருந்து வண்டில் கட்டி வந்ததாம். அண்ணன் இரண்டாவதாக வந்தார். முதலாவது வந்த துரையின் பெயர் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை என்று சொல்வதில் அக்காவுக்கு ஒரு சந்தோசம். கூரை அறுத்ததற்காக அப்பா பல நாள் அண்ணனோடு கதைக்கவில்லை. அறுத்த கூரையைத் திரும்ப ஒட்டவும் முடியவில்லை. மாரி காலத்தில் அந்தக் காரில்தான் மண்ணெண்ணெய் டின் ஏற்றி இறக்கினார்கள். அண்ணன் ஓட்ட, அக்கா பின் இருக்கையில் எழும்பி நின்று இரண்டு பேருக்கும் சேர்த்துக் குடை பிடிப்பாராம். "கலியாண ஊர்வலம் போகுது எண்டு ஊரே சிரிக்கும்" என்று சொல்லி, சொல்லி முடிக்க முதலே தானும் சிரிப்பார்.

அந்த அண்ணனைச் சண்டைக் காலத்தில் ஒருநாள் காலை, செட்டுக்கு வந்த ஆக்கள் விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அனுப்பவில்லை.

அந்த நாட்களில் நான் இல்லை. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஆகாமல்போய், எங்கள் ஊருக்கும் டவுனுக்கும் இடையில் பாதை இறுகிப்போன காலம். நீங்களும் அறிவீர்கள், அதை நான் இங்கே விரித்து எழுதப் போவதில்லை. பல மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது செட் கரியாகக் கிடந்தது. என் இயந்திரமும் அதோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அக்காவின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். உள்ளே போய், சாக்கில் சுற்றிய ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார்.

"நீ வராம விட்ட நாளே வீட்டுக்கு எடுத்து எண்ணெய் பூசி வைச்சிருக்கன். துரு ஏறல்ல. பாத்துக்கொள்."

அப்போதுதான் அவர் நெற்றியைப் பார்த்தேன். இடப் புருவத்துக்கு மேலே, உடைத்த தேங்காய்ச் சில்லுப்போல, இன்னும் சிவப்பாக ஆறாமல் இருந்தது.

செட் எரிகிறது என்று கேள்விப்பட்டு ஓடிப் போனாராம். உள்ளே கணக்கெழுதுகிற கந்தோர் அறையில் இரண்டு சட்டம் மாட்டியிருக்கும். ஒன்று செட் லைசென்ஸ். மற்றது குடும்பப் படம், அப்பா அம்மாவோடு அண்ணனும் இவர்களும் நிற்கிறது. வீட்டில் இருந்த அல்பம் எல்லாம் எழுபத்தெட்டுப் புயலில் ஊறிப் போய்விட்டதாலும் அடையாள அட்டை அண்ணனோடு போய்விட்டதாலும், அவர் இருக்கிற படம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அதை எடுக்கத்தான் உள்ளே பாய்ந்தார். புகையில் கண் தெரியவில்லை. கைக்கு அகப்பட்ட சட்டத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வரும்போது கூரைச் சலாகை ஒன்று நெற்றியில் விழுந்தது. வெளியே வந்து பார்த்தால், லைசென்ஸ்.

அந்த லைசென்ஸை வைத்துத்தான் பிறகு செட்டைத் திரும்பத் திறந்தார். 'கெட்டிக்காரி, எரியிற நெருப்புக்குள்ளயும் தொழிலைக் காப்பாத்தினாள்' என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. இந்த மலரிலும் ஒருவர் அப்படி எழுதியிருக்கலாம். அக்கா அதை ஒருவரிடமும் மறுத்ததில்லை. என்னிடம் மட்டும் ஒரு தடவை சொன்னார். "ரெண்டு சட்டத்துக்கும் இடையில ஒரு முழம்தான் ஹனீபா."

சண்டை முடிந்து, காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்டு எழுத ஒரு குழு வந்தபோது என்னுடைய வான் வண்டியில்தான் அக்காவைக் கூட்டிப் போனேன். மண்டபம் நிறையப் பெண்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு படம். சிலர் நீர் படாமல் பிளாஸ்டிக் போட்டு வைத்திருந்தார்கள். அக்கா வெறுங்கையோடு வரிசையில் இருந்தார். அவருடைய முறை வந்ததும் மேசையில் இருந்த பெடியன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"அம்மா, படம் கொண்டு வரல்லையா?"

"இல்லை."

"ஒண்டு கூடவா?"

"இல்லை எண்டன் தம்பி."

அவன் எழுதிக்கொண்டான். திரும்பி வரும்போது பாலம் தாண்டும்வரை அக்கா வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார், "எல்லாரும் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாளுகள். நான்தான் தனியாப் போயிட்டு வாறன்."

வயது போய், செட்டைக் கை மாற்றிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்த காலத்தில்தான் பழைய படங்கள் வரத் தொடங்கின. இங்கிலாந்தில் இருக்கிற ஒரு பெண். அவருடைய தாத்தா இங்கே ரோட்டு வேலைக்கு எஞ்சினியராக இருந்தவராம். அவர் விட்டுப்போன அல்பத்தை எடுத்து ஒவ்வொன்றாக முகநூலில் போட்டார். இரும்புப் பாலம், கோட்டை வாசல், வாவிக் கரையில் தோணித் துறை. சனம் விழுந்தடித்துப் பார்த்தது. 'அது ஒரு பொற்காலம்' என்று எழுதியவர்களில் பாதிப் பேர் அந்தக் காலத்தில் பிறக்கவே இல்லை. பிறந்தவர்களிலும் என் உம்மாவைப்போல ஒரு நேரக் கஞ்சியோடு படுத்தவர்கள் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு அந்தப் படங்களில் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் அக்காவுக்குக் காட்டினேன். அன்றிலிருந்து, பின்னேரம் தேத்தண்ணி நேரத்துக்கு ஓட்டோவில் என் கடையில் வந்து இறங்கத் தொடங்கினார்.

"காட்டுகா பாப்பம்" என்று மேசைக்கு முன்னால் உட்காருவார். நான் இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்துக் கொடுக்க வேண்டும். பாலம், கட்டடம் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். "ஆக்கள் இல்லாட்டி அது ஊர் இல்ல, வெறும் காணி. ஆக்களைக் காட்டு." ஆக்கள் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். ஒரு படத்தில் கோட்டும் தலைப்பாகையுமாக நின்ற ஒருவரை, 'என்ன கம்பீரம், அந்தக் காலத்து மனிசர்' என்று யாரோ புகழ்ந்து எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன்.

"இவனா? எங்கட செட்டில மண்ணெண்ணெய் களவெடுத்துப் பிடிபட்டவன். கோட் இரவல்" என்றார்.

அவர் தேடியது என்னவென்று எனக்குத் தெரியும். கூட்டத்தில் எங்காவது, யாருடைய தோளுக்குப் பின்னாலாவது, ஒரு முகம். அவ்வளவுதான்.

ஒருநாள் ரேஸ் படங்கள் வந்தன. அக்கா வரும்வரை காத்திருக்காமல் நானே வானை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கடற்கரை, பீப்பாய்கள், வேட்டியை மடித்துக் கட்டிய சனம், கரையோரம் ஒரு தோணி. கடைசிப் படத்தில் கூரை இல்லாத கார் ஒன்று பீப்பாயைச் சுற்றிக் கிறுகுகிறது. கதவில் வயிறு தள்ளிய ஐந்து.

அக்கா அந்த ஐந்தைத்தான் முதலில் தொட்டார். பிறகு விரலை மெல்ல மேலே கொண்டு போனார். ஓட்டுகிறவர் தலையில் தோல் தொப்பி. கண்ணுக்குப் பெரிய கறுப்புக் கண்ணாடி. வாயை மூடிச் சால்வை. மிச்சம் தெரிகிற கன்னமும் மணல் அப்பிப் போய்க் கிடந்தது. நான் பெருப்பித்தேன். பெருப்பிக்கப் பெருப்பிக்க வெறும் புள்ளிகள்தான் வந்தன.

"அவன்தான்" என்றார் அக்கா. "அவன்தான். முகம்தான் இல்ல."

இங்கிலாந்துப் பெண்ணுக்கு எழுதிக் கேட்டோம், வேறு படம் இருக்கிறதா என்று. நல்ல மனிசி, உடனே பதில் போட்டார். இன்னும் ஒரு பெட்டி இருந்ததாம். வீடு விற்கும்போது பூஞ்சணம் பிடித்துக் கிடந்ததால் குப்பைக்குப் போட்டுவிட்டார்களாம். மன்னிக்கச் சொல்லி எழுதியிருந்தார். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப இல்லை" என்றார். "சரி. இல்லை எண்டு தெரிஞ்சது நல்லம்." அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தேன். அதோடு இது முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் அக்கா இன்னும் கொஞ்சம் ஆறுதலாகப் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ரவி கெட்டது நினைத்துச் செய்யவில்லை. பெரியம்மாவில் அவருக்கு உயிர். போனில் இப்போது அப்படி ஒரு வசதி வந்திருக்கிறது, நீங்களும் கண்டிருப்பீர்கள். பழைய படத்தைக் கொடுத்தால் கீறல் எடுத்து, நிறம் போட்டு, இல்லாததையும் இட்டு நிரப்பித் தரும். ரவி ரேஸ் படத்தைக் கொடுத்து, கண்ணாடியைக் கழற்றி, சால்வையை இறக்கி, மணலைத் துடைத்துத் தரச் சொல்லியிருக்கிறார். அது தந்தது. அவர் அழுதுவிட்டார். அழுத கையோடு 'மட்டக்களப்பின் முதல் கார் வீரன், என் மாமா' என்று எழுதி முகநூலில் போட்டுவிட்டு, எனக்கும் அனுப்பினார், பெரியம்மாவுக்குக் காட்டுங்கள் என்று.

காட்டினேன். நல்ல வடிவான இளந்தாரி. வெள்ளைப் பல். பட நடிகர்போல ஒரு சிரிப்பு.

அக்கா கன நேரம் பார்த்தார். "இது ஆர்ட புள்ள?" என்று கேட்டார்.

அன்று பின்னேரமே ரவி என்னுடைய போனுக்கு முகம் தெரிகிற கோல் எடுத்தார். அக்கா சொன்னார், "மனே, இது உன்ட மாமன் இல்ல. எடுத்திரு."

"பெரியம்மா, எவ்வளவு பேர் பாத்திருக்காங்க தெரியுமா? எல்லாரும் அழுது எழுதியிருக்காங்க."

"அழட்டும். ஆருக்கு அழுறம் எண்டு தெரிஞ்சு அழச்சொல்லு."

"அப்ப சரியான முகத்தை நீங்க சொல்லுங்க. நான் மாத்தித் தாறன். உங்களைத் தவிர வேற ஆருக்குத் தெரியும்?"

இந்த இடத்தில்தான் அக்கா விழுந்தார். பலகை மாட்டுகிற அந்த மனுசி, இந்த ஒரு இடத்தில் இல்லை என்று சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

அதற்குப் பிறகு பல பின்னேரங்கள் அதே வேலை. மூக்கு கொஞ்சம் பெருப்பம் என்பார் அக்கா. ரவி மாற்றி அனுப்புவார். புருவம் இவ்வளவு நெருக்கம் இல்லை. மாறி வரும். காது வெளியே தள்ளி இருக்கும். தள்ளி வரும். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவன் வந்து எங்களைப் பார்த்துச் சிரிப்பான். முதல் நாட்களில் அக்கா சட்டென்று சொன்னார். பிறகு கண்ணை மூடி யோசித்துச் சொன்னார். அதற்கும் பிறகு, "முதல் வந்த மூக்கை ஒருக்காக் காட்டு" என்று கேட்கத் தொடங்கினார். கடைசியில் ஒருநாள், களைத்துப் போய், "இதுதான்" என்றார். ரவி அந்தப் பக்கத்தில் தேம்பி அழுதார். நான் தேத்தண்ணிக்குச் சொன்னேன்.

அடுத்த முறை வந்தபோது அக்கா மேசைக்கு முன்னால் உட்காரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"ஹனீபா, இதுதான் எண்டு சொன்னது பிழை. அவன் இல்ல அது."

"அப்ப திருத்தச் சொல்லுவம் அக்கா."

"என்னத்தைச் சொல்லித் திருத்துற? அவன்ட முகம் எப்படி எண்டு இப்ப எனக்குத் தெரியா. கண்ணை மூடினா இவன்தான் வாறான், பல்லைக் காட்டிக்கொண்டு. இவ்வளவு காலமும் எனக்குள்ள இருந்தான். நெருப்புக்குள்ளயும் போகாதவன். இந்த மேசையில வைச்சுத் துடைச்சுப்போட்டன்."

பொய் சொல்லித் தேற்றலாம் என்று யோசித்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. ரவியிடம் சொல்லிப் படத்தை எடுக்க வைத்தேன். ரவி எடுத்தார். ஆனால் அதற்குள் அது எத்தனையோ பக்கங்களுக்குப் போய்விட்டது. பழைய மட்டக்களப்பு என்று தேடினால் பாலத்துக்கும் கோட்டைக்கும் பக்கத்தில் அந்த முகம் வருகிறது, குணரெத்தினம் என்ற பெயரோடு. அதை இனி ஒருவராலும் எடுக்க முடியாது.

பிறகு அக்கா அதிகம் வரவில்லை. கடைசியாக நான் வீட்டுக்குப் போனபோது கட்டிலில் இருந்தார். திடீரென்று கேட்டார், "உன்ட வாப்பாட படம் வைச்சிருக்கியா?"

"இல்ல அக்கா. எங்கட வீட்டில ஆள் படம் மாட்டுறல்ல. வாப்பா ஒருநாளும் படம் எடுத்ததும் இல்ல."

"அப்ப எப்படி வைச்சிருக்கிறாய்?"

யோசித்துப் பார்த்தேன். "தொப்பியை ஒருபக்கம் சரிச்சுத்தான் போடுவார். முகம் வழிக்கக்குள்ள நாக்கால கன்னத்தை உள்ளுக்கிருந்து தள்ளுவார். அப்படித்தான்."

"ஒருத்தருக்கும் சொல்லாத. திருத்தித் தருவானுகள்" என்றார் அக்கா. அதுதான் என்னோடு கதைத்த கடைசிக் கதை.

இந்த மலரின் மூன்றாம் பக்கத்தில் 'அன்னாரின் அன்புச் சகோதரர்' என்ற எழுத்துக்குக் கீழே ஒரு படம் இருக்கிறது. அது குணரெத்தினம் அல்ல. அதைப் போட வேண்டாம் என்று ரவியிடம் சொன்னேன். "ஹாஜியார், அது இல்லாட்டி அந்த இடம் வெறுமையா இருக்குமே" என்றார். வெறுமையாக இருக்கட்டும், அக்காவும் அப்படித்தான் விட்டிருப்பார் என்றேன். கேட்கவில்லை. படம் இருக்கும் பக்கத்தைச் சனம் பார்க்கும். எழுத்து இருக்கும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகும். இன்னும் கொஞ்சக் காலத்தில் ரவியின் பிள்ளைகள் அந்தப் பல்லைப் பார்த்து, எங்கள் ஆள் என்று சொல்வார்கள். நான் இங்கே எழுதுவது அதைத் தடுக்காது. தடுக்கும் என்று நினைத்து எழுதவும் இல்லை.

வயது போனவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்கள் பழைய பெட்டிகளில் குணம் அண்ணன் நிற்கிற படம் இருக்கிறதா என்று பாருங்கள் என்று எழுதத்தான் வந்தேன். எழுதி என்ன. கிடைத்தாலும் அவர்தான் என்று சொல்ல இனி ஆள் இல்லை.

அக்காவின் வீட்டைத் துப்புரவு செய்தபோது எனக்கு எது வேண்டும் என்று கேட்டார்கள். ஐந்தாம் நம்பர் கார்ப் படத்தையும் தகரப் பலகையையும் எடுத்துக்கொண்டேன். படத்தைச் சுவரில் மாட்டவில்லை, மேசையின் இழுப்பு லாச்சியில் வைத்திருக்கிறேன். மணல் அப்பிய அந்தக் கன்னத்தை ஒருவரும் துடைக்காமல் என் காலம்வரைக்கும் பார்த்துக்கொள்வேன். பலகையில் 'பெற்றோல்' என்ற எழுத்து தேய்ந்துவிட்டது. மற்றச் சொல் நன்றாக இருக்கிறது.

ஒரு விசயத்தை மட்டும் இதில் பதிந்து வைக்கிறேன். இந்த மலரின் அட்டையிலும் சந்திப் பதாகையிலும் இருக்கிற நெற்றி சுதன் செய்தது. என் படத்தில் கை மறைத்திருந்ததால் உண்மையான நெற்றி எந்தப் படத்திலும் இல்லை. தழும்பு இடப் புருவத்துக்கு மேலே. உடைத்த தேங்காய்ச் சில்லுப்போல. சிரிக்கும்போது வெளிறும், கோபம் வந்தால் சிவக்கும். ஒரு மாதமாகக் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பதாகையைக் கடந்துதான் போகிறேன். முந்தநாள் கண்ணை மூடி அக்காவை நினைத்துப் பார்த்தேன். பச்சைச் சேலைதான் வந்தது.

இடப் பக்கம். இடப் புருவத்துக்கு மேலே. எழுதி வைத்துவிட்டேன்.

ஏ. எல். ஹனீபா
மோட்டார் உதிரிப்பாக வியாபாரி, மட்டக்களப்பு